கௌரவம் யாருடைய சொத்து?



அமெரிக்காவில் வாழும் நம் உறவினர் சிலருடைய வீடுகளுக்கு ஒரு கடிதம் வருவதுண்டு. கல்லூரியில் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகனுக்கோ மகளுக்கோ அது எழுதப்பட்டிருக்கும். தலைப்பிலே இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள். பிள்ளையின் பெறுபேறு மிகச் சிறந்ததாக இருப்பதால் கௌரவச் சங்கம் ஒன்றின் உறுப்புரிமைக்குத் தெரிவாகியிருப்பதாக உள்ளே கண்டிருக்கும். பெற்றோர் பூரித்துப்போவார்கள். அன்றிரவே ஊரிலுள்ள அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் சேதி போகும். "என்ன பிள்ளை, பரிசோ? உத்தியோகமோ?" என்று அவர் கேட்டால்தான் சங்கடம். பரிசுமில்லை, உத்தியோகமுமில்லை, ஒரு சங்கத்தில் சேரும்படி கேட்டிருக்கிறார்கள், அதற்குக் காசும் நாங்கள்தான் கட்டவேண்டும் என்று சொன்னால் எந்த அம்மம்மாவுக்கு விளங்கும்?

அம்மம்மாவின் கேள்வி சின்னக் கேள்வியன்று. நன்றாகப் படித்தவர்களைத் தனியே பிரித்தெடுத்து, அவர்களுக்கென ஒரு சங்கம் கூட்டி, அதற்கொரு சின்னமும் சடங்கும் வைத்துக் கொண்டாடுவது நல்லதா? நல்லதாயின் யாருக்கு நல்லது? கௌரவிக்கப்படுகிறவருக்கா, கௌரவிக்கிறவர்களுக்கா, வெளியே நிற்கும் ஏனையோருக்கா? நம் பல்கலைக்கழகங்களில் முதலாம் வகுப்புச் சித்தி என்று பட்டத்தோடு சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அத்தோடு காரியம் முடிந்தது. அமெரிக்கரோ சித்தியடைந்தவர்களை ஒரு சகோதரத்துவமாகவே ஆக்கிவிட்டார்கள். அதனால் அங்கே இந்தக் கேள்வி கூடுதல் கூர்மையோடு எழுகின்றது. இவ்வாரம் இதைப்பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

இச்சங்கங்களுள் மூத்தது ஃபை பீற்றா கப்பா. அமெரிக்கர் தமது சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்து ஐந்து மாதங்கள் சென்றபின், 1776ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி, வேர்ஜினியாவின் வில்லியம்ஸ்பேர்க் நகரிலுள்ள வில்லியம் அன்ட் மேரி கல்லூரி மாணவர் ஐவர் அதனைத் தொடங்கினர். மெய்யறிவின்மீது கொண்ட அன்பே வாழ்வைச் செலுத்தும் மாலுமி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். தொடக்கத்தில் எவரும் புள்ளி பார்த்து ஆள் சேர்க்கவில்லை. நண்பர் நண்பரைச் சேர்த்தனர், கூடியிருந்து விவாதித்தனர், கட்டுரை வாசித்தனர். யுத்தத்தின்போது, 1781இல், பிரித்தானியப் படைகள் நெருங்கி வரவே அங்கே சங்கம் மூடப்பட்டது. அதற்கு முன்னரே எலிஷா பார்மலி என்னும் இளைஞர் அதன் பட்டயத்தை வடக்கே யேல், ஹாவாட் கல்லூரிகளுக்குக் கொண்டுபோயிருந்தமையால் அது பிழைத்துக்கொண்டது.

அக்காலத்தில் அது ஓர் இரகசியச் சங்கம். சத்தியப் பிரமாணம், இரகசியக் கைகுலுக்கல் எல்லாம் இருந்தன. 1738லேயே பாப்பரசர் 12ஆம் கிளமெந்து பிறீமேசன் சங்கத்தைக் கண்டித்திருந்ததை அறிந்த கத்தோலிக்கர் எவரும் இத்தகைய ஏற்பாடுகளை ஐயத்தோடுதான் நோக்கியிருப்பர். புரட்டஸ்தாந்து அமெரிக்காவிலும் காலப்போக்கில் அதே ஐயம் வலுத்தது. பிறீமேசன்களுக்கெதிரான எதிர்ப்பு நாடெங்கும் மூண்டிருந்த 1831ஆம் ஆண்டில் ஹாவாட் கிளை தன் இரகசியத்தைக் கைவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடக்க நடக்க, தோழமையால் ஆளெடுத்த சங்கம் கல்விப் பெறுபேற்றால் ஆளெடுக்கும் சங்கமாக மாறிற்று.

அதன் சின்னம் முதலில் ஒரு சதுர வெள்ளிப் பதக்கம். பின்னர் அதற்குத் தண்டு பொருத்தி, சட்டைப்பை மணிக்கூட்டை முறுக்கும் திறப்பாக்கினார்கள். முறுக்கும் மணிக்கூடுகள் போய்விட்டன. திறப்பு மட்டும் நிற்கின்றது. எந்த மணிக்கூட்டையும் முறுக்காத, எந்தப் பூட்டிலும் நுழையாத அந்தப் பொன்னிறத் திறப்பைப் பார்த்துச் சிரிப்பவர் சிரிக்கலாம். ஆனால் அது சில கதவுகளைத் திறக்கவே செய்கின்றது. ஐக்கிய அமெரிக்க மத்திய அரசின் சேவையில் சாதாரணப் பட்டதாரி ஐந்தாம் தரத்தில் சேருவதுண்டு. சிறந்த கல்விப் பேறு உள்ளவர் என்று காட்டினால் ஏழாம் தரத்தில் சேரலாம் என விதி செய்தார்கள். அங்கீகாரம் பெற்ற தேசிய கௌரவச் சங்க உறுப்புரிமை அதைக் காட்டும் வழிகளுள் ஒன்று. ஆகவே இது வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. சம்பளத்தோடும் சம்பந்தப்பட்ட விடயம் இது.

ஒன்று பலவாயிற்று. ஃபை பீற்றா கப்பா கலை, விஞ்ஞான மாணவருக்கே உரியதாக இருந்தபடியால், 1885இல் லீஹை பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவருக்கெனத் தௌ பீற்றா பை தோன்றிற்று. எல்லாத் துறையினரையும் ஒருங்கே சேர்க்கும் நோக்குடன் 1897இல் மெயின் மாநிலத்தில் ஃபை கப்பா ஃபை பிறந்தது. கணக்குகள் இறுக்கமானவை. தௌ பீற்றா பை மூன்றாம் ஆண்டு மாணவரில் முதல் எட்டிலொரு பங்கினரையும், இறுதியாண்டில் முதல் ஐந்திலொரு பங்கினரையும் மட்டுமே கருத்திலெடுக்கும். அதற்குமேல் ஒழுக்கமும் பார்க்கும்.

யேசு சபையினரும் பின்னிற்கவில்லை. 1915இல் மில்வோக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் அல்பா சிக்மா நூ தொடங்கப்பட்டது. படிப்போடு பற்றுறுதியும் சேவையும் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதி வாசகர்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்து நம்மிடையே உழைத்த அமெரிக்க யேசு சபைக் குருமாரை அறிவார்கள். அவர்களுடைய சபை நடத்தும் கல்லூரிகளிலேதான் இச்சங்கம் இயங்குகின்றது. இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. மினசோட்டா மாநிலத்திலே புனித சூசையப்பர் கன்னியர் நடத்திய புனித கத்தரீன் பெண்கள் கல்லூரி 1930களின் இறுதியில் ஃபை பீற்றா கப்பா கிளையைப் பெற்றது. கத்தோலிக்க உயர்கல்வி நிலையங்களுள் அதைப் பெற்ற முதலாவது நிலையம் அதுவே. புகழ் வாய்ந்த ஆண்கள் கல்லூரிகளெல்லாம் காத்துநிற்க, கன்னியர் முந்திக்கொண்டனர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தலைமைக் கன்னியான அன்னை அன்ரோனியா மக்கியூ தம் சகோதரிகளைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி உயர் பட்டங்கள் பெறச் செய்திருந்தார்.

நிற்க. இப்போது கேள்விக்கு வருவோம்.

தலையான பாவங்கள் ஏழினுள் அகங்காரத்தை முதலாவதாக வைத்துச் சின்ன வயதிலே மனனஞ் செய்தவர்கள் நாம். ஆதலால் கௌரவம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே நம்மிற் சிலருக்கு உள்ளூர ஒரு கூச்சம் உண்டாகிறது. 'சங்கம் எதற்கு, சின்னம் எதற்கு? படித்தோமா, பட்டத்தை வாங்கினோமா என்று தாழ்மையாக இருக்க வேண்டியதுதானே' என்பர். கேட்க அழகான வார்த்தை. ஆனால் அதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஏனையோரின் சிறப்பைச் சிறப்பென்று சொல்ல மறுப்பதும் தாழ்மையின் வேடத்தில் வரக்கூடும். அதற்குக் காய்மகாரம் என்று பெயர். அதுவும் அந்த ஏழில் ஒன்றுதான்.

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டல் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கநூலிலே ஒன்றைக் கவனித்தார். கௌரவம் அதைப் பெறுகிறவனிடத்தில் இருப்பதைக் காட்டிலும் கொடுக்கிறவர்களிடத்திலேயே அதிகம் தங்கியிருக்கிறது என்றார். அதனால் மனிதனின் மேலான நன்மை அதுவாக இருக்க முடியாது என்பது அவர் முடிவு. மனிதர் ஏன் அதைத் தேடுகின்றனர் என்பதற்கும் அவர் விடை சொன்னார். தாம் நல்லவர்கள்தானா என்பதில் அவர்களுக்கே நிச்சயமில்லை. விவேகிகள் வந்து சொன்னால் நம்பலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்தக் கடிதத்தை நாலுதரம் திருப்பித் திருப்பி வாசிப்பதன் காரணத்தை இதைவிடச் சரியாக யார் சொன்னார்?

புனித தோமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றார். கௌரவம் என்பது ஒருவருடைய மேன்மைக்குச் சொல்லப்படும் சாட்சி என்றார். கடவுளுக்கு முன்பாக மனச்சாட்சியே போதும். இருதயங்களை அவர் பார்க்கிறார். மனிதர் பார்க்க முடியாதவர்கள். ஆகவே அவர்களுக்குள்ளே சொல்லாலோ செயலாலோ பொருளாலோ ஒரு வெளியடையாளம் வேண்டியிருக்கிறது. இந்த விளக்கத்தின்படி அந்தப் பொன்னிறத் திறப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது ஒரு சாட்சிப் பத்திரம்.

ஆனால் சாட்சி என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் அதனோடு வருகிற பாரத்தையும் ஏற்க வேண்டும். நீதிமன்றத்திலே சாட்சி சொல்லப்பட்டவர் சாட்சியத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். அது பொய்யாகப் போனால் குற்றம் சொன்னவருடையது. அவ்வாறே கௌரவம் பெறுகிறவருடைய சொத்தன்று. கொடுக்கிறவர்கள் தம் பெயரைப் பிணைவைத்துச் சொல்லும் வாக்கு. நாம் வழக்கமாகப் பட்டம் பெற்ற பிள்ளையிடமே, "தலைக்கனம் கொள்ளாதே" என்று போதிக்கிறோம். கௌரவம் வழங்கும் சபையிடம், "நீ சொல்வது உண்மையா?" என்று கேட்பவர் மிகச் சிலர். இக்கட்டுரையின் நோக்கம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே.

பெறுகிறவருடைய பக்கத்தையும் தோமஸ் விடவில்லை. கௌரவத்தின்மேல் கொள்ளும் ஆசை மூன்று வழிகளில் முறைதவறும் என்றார். தன்னிடம் இல்லாத மேன்மைக்குச் சாட்சி தேடுவது ஒன்று. அம்மேன்மை கடவுளிடமிருந்து வந்ததை மறந்து தனக்கே அதை உரித்தாக்குவது மற்றொன்று. கௌரவத்தை அடைந்தவுடன் அங்கேயே மனம் இளைப்பாறி, பிறருக்குப் பயன்படும்படி அதைத் திருப்பாமல் விடுவது மூன்றாவது.

முதலாவதற்கு இக்காலத்தில் சந்தை இருக்கிறது. பழைய சங்கங்களின் புகழைப் பார்த்து, ஒத்த பெயரும் ஒத்த கிரேக்க எழுத்தும் சூடிக்கொண்டு, ஆயிரக்கணக்கான மாணவர்க்குக் கடிதம் அனுப்பிக் காசு திரட்டும் அமைப்புகள் அமெரிக்காவில் முளைத்துள்ளன. இத்தொல்லை புதிதுமன்று. கௌரவச் சங்கங்களுக்கு ஓர் ஒழுங்கு வகுப்பதற்கென்றே அவற்றின் ஒன்றியம் ஒன்று 1925இல் அமைக்கப்பட்டது. நல்ல சங்கங்களிலும் சேர்வுக் கட்டணம் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. அச்சடிக்கவும் பதக்கம் வார்க்கவும் செலவு இருக்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், உண்மையான சங்கத்தை அந்தக் கல்லூரியின் ஆசிரியர்கள் நேரிலே அறிவார்கள். தெரிவில் அவர்களுக்குப் பங்கிருக்கும். மற்றதில் பிள்ளையை ஒருநாளும் கண்டிராத ஓர் அலுவலகம் எங்கிருந்தோ அவனுடைய மேன்மைக்குச் சாட்சி சொல்கிறது. காணாததற்குச் சாட்சி சொல்பவரை நாம் என்னவென்று அழைப்போம்? அதற்குக் காசும் வாங்கினால்?

பெற்றோர் இதிலே ஏமாறுவது பேராசையினால் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்நிய நாட்டில் இரவுபகலாக வேலை செய்து பிள்ளையைப் படிப்பித்தவர்கள், யாராவது ஒருவர் வந்து, "உங்கள் பாடு வீண்போகவில்லை" என்று சொல்லமாட்டாரா என ஏங்கியிருக்கிறார்கள். அந்த ஏக்கத்தை விலைபேசுவதுதான் இங்கே நடக்கும் பாவம். பாவம் விற்பவனுடையது.

மூன்றாவது தவறு, அஃதாவது கௌரவத்திலேயே இளைப்பாறுவது, நல்ல பிள்ளைகளையே அதிகம் பிடிக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்தின் தரமும் புள்ளியாக்கப்பட்டு, நாலுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி வரும். சராசரி ஒருமுறை உயர்ந்துவிட்டால் அதைக் காப்பது ஒரு தொழிலாகிவிடும். இரசாயனவியல் படிக்க ஆசையுள்ள மாணவி, அதிலே தரம் குறைந்துவிடுமோ என்றஞ்சி இலேசான பாடமொன்றை எடுக்கிறாள். கேள்வி கேட்டால் தெரியாதவளென்று விரிவுரையாளர் எண்ணுவாரோ எனப் பேசாமலிருக்கிறாள். நாளடைவில் அவள் கற்பது பாடத்தையன்று, சராசரியைப் பேணும் வித்தையை. ஃபை பீற்றா கப்பா இந்த ஆபத்தை ஓரளவு உணர்ந்திருக்கிறது. புள்ளி மட்டும் போதாது, கணிதமும் பிறமொழி அறிவும் தன் துறைக்கு வெளியே பரந்த படிப்பும் வேண்டும் என அது கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் எந்த விதியும் ஒரு பிள்ளையின் துணிவை அளக்காது.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. அச்சங்கத்தின் முன்னிலையில் நிகழ்ந்த உரைகளிலெல்லாம் பெயர்பெற்றது 1837ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி ஹாவாட் கிளையில் ரல்ஃப் வால்டோ எமேர்சன் ஆற்றியது. அமெரிக்க அறிஞன் எப்படி இருக்கவேண்டும் என்பது பொருள். புத்தகங்களுக்குள் புழுவாகிவிடாமல் தானே சிந்திக்கும் மனிதனாக இருக்கவேண்டும் என்று, புத்தகம் படித்துப் பரிசு பெற்றவர்கள் நிறைந்த சபையிலே அவர் சொன்னார். அந்த எமேர்சன் தம் மாணவப் பருவத்தில் 59 பேர் கொண்ட வகுப்பில் நடுவிடம் பெற்றவர். மாணவராக இருக்கையில் சங்கம் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. பிற்பாடுதான் கௌரவ உறுப்பினராக்கிற்று.

இனிக் கொடுப்பவர்களின் பக்கத்துக்கு வருவோம். முகத்தாட்சணியம் பார்ப்பதைத் தோமஸ் நீதிக்கு விரோதமான பாவங்களோடு சேர்த்தார். கௌரவம் வழங்குவதிலும் அப்பாவம் நிகழும் என்று தனியே எடுத்துக்காட்டினார். செல்வந்தனை அவன் செல்வத்துக்காகவே கௌரவிப்பதை உதாரணமாகச் சொன்னார். செல்வத்தின் இடத்தில் ஆண் என்பதையும் வெள்ளை நிறத்தையும் வைத்துப் பாருங்கள்.

1776இல் தோன்றிய ஃபை பீற்றா கப்பா முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தது 1875இல். வேர்மொன்ற் பல்கலைக்கழகக் கிளை இருவரைத் தெரிந்தது. தொண்ணூற்றொன்பது ஆண்டுகள். தௌ பீற்றா பை திறமையுள்ள பெண்பிள்ளைகளுக்கு வெகுகாலம் ஒரு தனிச் சின்னத்தை மட்டும் கொடுத்துவிட்டு, 1969இல்தான் முழு உறுப்புரிமை தந்தது. நம்மவர் சுத்தமென்றும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அல்பா சிக்மா நூ ஆண்களுக்கே உரியதாக இருந்தது. பெண்களுக்கு 1925இல் காமா பை எப்சிலன் என்று வேறொரு சங்கம் வைத்தார்கள். இரண்டும் ஒன்றானது 1973இல். ஒரே விரிவுரை மண்டபம், ஒரே பரீட்சை வினாத்தாள், இரண்டு கௌரவம்!

கறுப்பின மக்களுக்கென 1867இல் தொடங்கப்பட்ட ஹொவாட் பல்கலைக்கழகமும், அதைப்போன்ற ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் ஃபை பீற்றா கப்பாக் கிளைகளைப் பெற்றது 1953இல். அதற்கு முன்னிருந்த எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அங்கே திறமைசாலிகள் பிறக்கவில்லை என்று எவரும் சொல்லத் துணியார். கிளை இல்லாத கல்லூரியின் மாணவன் எவ்வளவு படித்தாலும் அவனைத் தெரிவதற்கு அங்கே ஆளில்லை.

இவர்களிலெல்லாம் என் மனத்தை விட்டகலாதவர் எட்வேர்ட் பூஷே. 1852இல் கனெக்ரிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரிலே பிறந்தார். தந்தை முன்னொருகால் அடிமை. யேல் கல்லூரி மாணவன் ஒருவனின் பணியாளாகத் தெற்கிலிருந்து வந்தவர். மகன் அதே யேலில் மாணவனாகச் சேர்ந்து 1874இல் வகுப்பில் ஆறாமிடம் பெற்றுப் பட்டதாரியானார். இரண்டே ஆண்டுகளில், 1876இல், பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஐக்கிய அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவரே. அவர் தேறிய காலத்தில் யேலின் ஃபை பீற்றா கப்பாக் கிளை செயலற்றுக் கிடந்தது. 1884இல் அது புத்துயிர் பெற்றபோது பழைய மாணவராகிய அவரையும் தெரிந்தெடுத்தது. யேல் கிளையின் நேர்மைக்கு இது ஒரு புள்ளி. அதை மறுக்கக் கூடாது.

ஆனால் அந்த 1884ஆம் ஆண்டில் பூஷே எங்கே இருந்தார்? பிலடெல்பியாவிலே குவேக்கர் சமயத்தவர் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடத்திய ஒரு பள்ளியில் பௌதிகமும் இரசாயனமும் படிப்பித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அதையே செய்தார். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆய்வுகூடத்தின் கதவைத் திறக்கவில்லை. அவர் படித்த யேலும் திறக்கவில்லை. 1902இல் அந்தப் பள்ளி உயர்கல்விப் பாடங்களைக் கைவிட்டுக் கைத்தொழிற் பயிற்சிக்குத் திரும்பியபோது அந்த வேலையும் போயிற்று. அப்பால் ஊரூராய் ஆசிரியத் தொழில். 1918இல் பிறந்த நகரிலேயே மரித்தார்.

வாசகரே, அவருக்குக் கிடைத்த கௌரவம் பொய்யா? பொய்யன்று. சொல்லப்பட்ட சாட்சி முழு உண்மை. அப்படியானால் குறை எங்கே? கொடுத்தவர்களுக்கு எவ்விதச் செலவும் வைக்காத சாட்சி அது என்பதே குறை. இவர் நம்முள் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் என்று ஒரு சபை எழுதி வைத்தது. அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் அன்று அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராகவும் அதிபராகவும் அமர்ந்திருந்தார்கள். எழுதியதை நம்பியிருந்தால் செய்யவேண்டியது தெளிவாகவே இருந்தது. செய்தவர் எவருமில்லை. திறப்பைக் கொடுத்துவிட்டுப் பூட்டை மாற்றிவிட்டார்கள்.

இதனாலே கௌரவச் சங்கங்களே வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. சாட்சிகள் தவறுவதால் சாட்சியமே வேண்டாம் என்று எவரும் நீதிமன்றத்தை மூடுவதில்லை. சிறப்பைச் சிறப்பென்று வெளிப்படையாகச் சொல்லாத சமுதாயம் தன் பிள்ளைகளிடம் சிறப்பை எதிர்பார்க்கவும் முடியாது. பூஷேயின் மாணவர்களுக்கு, தமக்குப் பாடஞ் சொல்லித்தருபவர் யேலின் திறப்பைப் பெற்றவர் என்ற அறிவு ஒரு பலமாக இருந்திருக்கும்; அவர்களைப் பார்த்து உங்கள் மூளை இவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே தருகிறவர் கஞ்சத்தனம் செய்தபோதிலும், அதை வாங்கியவர் வகுப்பறையிலே பிறருக்குச் செலவழித்தார். தோமஸ் கூறிய மூன்றாவது தவறுக்கு நேரெதிரான வாழ்வு அது.

திருவள்ளுவர் புகழுக்கென ஓர் அதிகாரம் வகுத்து அதை இருபத்துநாலாவதாக வைத்தார். அதற்கு முந்தியது கல்வியுமன்று, வீரமுமன்று, ஈகை. அதிகாரங்களின் வரிசையைப்பற்றி உரையாசிரியர் பலவாறு சொல்வர். எனக்கு அந்த வரிசையே ஒரு விளக்கமாகப் படுகிறது.

கடிதம் வந்த வீட்டுக்கு இதிலிருந்து என்ன சொல்லலாம்? பிள்ளையின் பேராசிரியரிடம் முதலில் கேட்கச் சொல்வேன். அவர் அச்சங்கத்தை அறிந்து, "ஆம், நாங்கள்தான் தெரிந்தோம்" என்றால் மகிழ்ச்சியோடு சேரட்டும், படமெடுத்து அம்மம்மாவுக்கு அனுப்பட்டும், அதற்காகக் கூசவேண்டாம். வீட்டிலே காசு இல்லையென்றால் கட்டணத்தைக் குறைக்க வழியுண்டா எனக் கேட்பதற்கும் வெட்கப்படவேண்டாம். காசில்லாத காரணத்தால் உண்மையான சிறப்புக்குச் சாட்சி மறுக்கும் சங்கம் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். அதே வகுப்பில் பகல் படிப்பும் இரவு வேலையுமாக இருந்து, சராசரி சற்றுக் குறைந்து, கடிதம் வராமற்போன தோழியைப்பற்றியும் வீட்டிலே ஒரு வார்த்தை பேசுங்கள். அவளைப்பற்றி அந்தக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை, குறைவாகவும் சொல்லவில்லை.

பூஷேயின் கல்லறை எண்பது ஆண்டுகள் பெயரில்லாமல் கிடந்தது. 1998இல் யேல் பல்கலைக்கழகம் அங்கே ஒரு கல் நாட்டிற்று. 2005ஆம் ஆண்டிலே யேலும் ஹொவாட் பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டப்பின் கல்வி மாணவருக்காக ஒரு கௌரவச் சங்கத்தைத் தொடங்கின. கல்வியோடு தலைமையும் குணமும் சேவையும் பார்த்து, பிறருக்காகக் குரல் கொடுக்கிறார்களா என்பதையும் பார்த்து அதற்கு ஆள் தெரிகிறார்கள். எட்வேர்ட் அலெக்சாண்டர் பூஷே சங்கம் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அவர் இறந்து அப்போது எண்பத்தேழு ஆண்டுகள்.